ரக்கட் மெஷினில் ஆடுகிறது, இறக்கினால் தலை அகலமாக இருக்கிறது: எங்கே பிழை?

தெஹிவளையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ரக்கட்டுக்கு ஸ்ட்ரிங் போடுகிற பாவித்த ஸ்ட்ரிங்கிங் மெஷின் ஒன்று வாங்கியிருக்கிறாராம். கையால் சுற்றி இழுக்கிற கிராங்க் வகை, பட்மின்டன் ரக்கட்டை ஆறு இடத்தில் பிடிக்கிறது. மாட்டினால் ரக்கட் ஆடுகிறது, ஸ்ட்ரிங் போட்டு இறக்கினால் தலை அகலமாகத் தெரிகிறது, பிரேமைப் பக்கத்தில் பிடிக்கிற மெஷின் கை ஒன்றுக்குக் கீழே ஸ்ட்ரிங் சிக்கிக்கொள்கிறது. மூன்றாவதாகப் போட்ட ரக்கட் இடது கீழ்ப் பக்கத்தில் வெடித்தே போய்விட்டது. "ரக்கட்டை இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டுமா அண்ணா?" என்பதுதான் அவருடைய கேள்வி.

இல்லை தம்பி. நீங்கள் ஏற்கெனவே அளவுக்கு மேல் இறுக்குகிறீர்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆடுகிறது என்பதால் இறுக்குகிறீர்கள், ஆனால் ஆட்டத்துக்குக் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. நான் வெள்ளவத்தையில் வீட்டு முன்னறையில் மெஷின் வைத்துப் பல வருடமாகப் போடுகிறேன், பெரும்பாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ரக்கட்டுகள். பிள்ளையின் ரக்கட் என்றால் வீட்டில் யோசித்து யோசித்துக் காசு சேர்த்து வாங்கியதாக இருக்கும், அது என் கையில் உடைந்தால் அன்றிரவு நித்திரை வராது. அதனால் மாட்டுகிற விஷயத்தில் எனக்குப் பொறுமை அதிகம், கொஞ்சம் நீட்டித்தான் எழுதப் போகிறேன்.

முதலில் இந்த ஆறு பிடிகளும் எதற்கு இருக்கின்றன என்பது விளங்க வேண்டும். வழக்கமான ரக்கட்டில் நெடுக்கு இழை 22. ஒவ்வொன்றையும் 26 இறாத்தலில் இழுத்தால் கூட்டுத்தொகை 572 இறாத்தல், அதாவது கிட்டத்தட்ட 260 கிலோ. 4யூ என்கிற எடை வகை ரக்கட்டின் மொத்த எடையே 80 கிராமிலிருந்து 85 கிராமுக்குள்தான். குறுக்கு இழை ஒன்றுகூட இல்லாத அந்தக் கொஞ்ச நேரம் இவ்வளவு பாரமும் தலையின் உச்சியைக் கழுத்தை நோக்கி இழுத்துக்கொண்டிருக்கிறது. உச்சி கீழே வந்தால் பக்கங்கள் வெளியே தள்ளும், வட்டமான றப்பர் வளையத்தை மேலிருந்து அமுக்கிப் பார்த்தால் தெரியும். 12 மணி இடத்திலும் 6 மணி இடத்திலும் இருக்கிற தாங்கிகள் பிரேமின் உட்பக்கத்தில் நின்று உச்சி கீழே வராமல் தடுக்கின்றன. நான்கு பக்கக் கைகளும் வெளியே நின்று தோள்கள் அகலாமல் தடுக்கின்றன. குறுக்கு இழைகள் போகப் போகப் பக்கங்கள் உள்ளே இழுபட்டுத் தலை பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது.

ஆக, இவை ரக்கட்டைப் பிடித்து நசுக்குவதற்கு இல்லை. அசையப் பார்க்கிற திசையில் ஒரு சுவர் மாதிரி நிற்பதற்கு இருக்கின்றன. சுவர் தொட்டுக்கொண்டு நின்றால் போதும், அழுத்த வேண்டியதில்லை. பக்கக் கைகளை முறுக்கி இறுக்கினால் ஸ்ட்ரிங் இழுக்க முன்னமே பிரேமை உள்பக்கம் வளைத்துவிடுகிறீர்கள், அதற்குப் பிறகு நெடுக்கு இழைகள் எதிர்த்திசையில் தள்ளும்போது கை தொடுகிற அந்தச் சின்ன இடத்தில் முழுப் பாரமும் விழுகிறது. வெடிப்பு வருவது அங்கேதான்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். ரக்கட்டைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் மெஷினை ஆட்டிப் பாருங்கள். 12 மணித் தாங்கியைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் தள்ளுங்கள், பிறகு 6 மணித் தாங்கியை. ரக்கட் இல்லாமலே அது அசைந்தால் நீங்கள் ரக்கட்டை எப்படி மாட்டினாலும் ஆடத்தான் செய்யும். பாவித்த மெஷின்களில் தாங்கியை அது நகர்கிற தண்டவாளத்தோடு பூட்டுகிற அடிப்பூட்டு தளர்ந்திருப்பது மிகச் சாதாரணம். சுழல்தட்டுக்குக் கீழே குனிந்து பார்த்தால் ஒரு சுரையும் ஒரு நெம்பும் தெரியும். பழைய உரிமையாளர் அந்தச் சுரையை ஒருநாளும் தொட்டிருக்க மாட்டார். அதை அரைச் சுற்று இறுக்கினால் பாதிப் பேருடைய பிரச்சினை அதோடு முடிந்துவிடும். சுழல்தட்டே அச்சில் லேசாக ஆடினால் அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். தாங்கிகள் இரண்டும் தட்டோடு சேர்ந்து ஒன்றாக அசைந்தால் ரக்கட்டுக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

வெறும் மெஷின் அசையாமல் நின்று, ரக்கட் மாட்டினால் மட்டும் ஆடுகிறது என்றால் எப்படி ஆடுகிறது என்று பாருங்கள். சீசோ பலகை மாதிரி மேலும் கீழுமாக என்றால் இரண்டு தாங்கிகளின் உயரமும் ஒன்றாக இல்லை. ஒரு இரும்பு அடிமட்டத்தை இரண்டுக்கும் குறுக்கே வைத்துப் பார்த்தால் இடைவெளி தெரியும். சில மெஷினில் உயரத்தைச் சரிசெய்ய ஒரு ஆணி இருக்கும். இல்லாவிட்டால் தாழ்ந்த பக்கத்தில் மெல்லிய றப்பர் வைக்கலாம். பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைத்துத்தான் நானும் நெடுநாள் ஓட்டினேன், ஒரு குறையும் இல்லை. பக்கவாட்டில் கழுத்துப் பகுதி அசைகிறது என்றால் 6 மணித் தாங்கியின் றப்பர் காய்ந்து தேய்ந்திருக்கும், நகத்தால் அழுத்திப் பாருங்கள், எலும்பு மாதிரிக் கடினமாக இருந்தால் மாற்ற வேண்டிய நேரம். கொழும்பில் கடற்கரையோரம் இருக்கிற எங்களுக்கு இது மற்றவர்களைவிடச் சீக்கிரம் வரும். உப்புக்காற்றில் ஆணிகளும் துருப்பிடிக்கும், பூட்டு இறுகின மாதிரிக் காட்டிவிட்டு உண்மையில் துருவில் சிக்கி நின்றிருக்கும். மாதம் ஒருமுறை தண்டவாளத்தைத் துணியால் துடைத்து ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் போடுங்கள், ஸ்ட்ரிங்கைக் கவ்விப் பிடிக்கிற கிளாம்பின் பற்களை மட்டும் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும், அங்கே எண்ணெய் படவே கூடாது.

இனி மாட்டுகிற முறை. இதில் வரிசை முக்கியம்.

நான்கு பக்கக் கைகளையும் முதலில் முழுதாகப் பின்னால் எடுத்துவிடுங்கள். ரக்கட்டை வைத்து உச்சியின் நடுவையும் கழுத்தின் நடுவையும் தாங்கிகளின் நடுக் கோட்டுக்கு நேராகக் கொண்டுவாருங்கள். உச்சியில் நடுவிலிருக்கிற இரண்டு துளைகள் தாங்கியின் இரண்டு பக்கமும் சமமாகத் தெரிய வேண்டும். அதன்பிறகு தாங்கிகளை மெல்ல வெளியே நகர்த்துங்கள், பிரேமின் உட்பக்கத்தைத் தொட்டவுடன் நிறுத்துங்கள். விரலால் பிரேமைத் தள்ளினால் அசையக்கூடாது, ஆனால் தலை நீளவும் கூடாது. தொட்டபிறகு குமிழை இன்னும் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது ரக்கட்டை நீட்டுகிற வேலை. இரண்டு தாங்கியும் சுழல்தட்டின் மையத்திலிருந்து ஒரே தூரத்தில் இருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், தண்டவாளத்தில் அளவுக்கோடு இல்லாவிட்டால் நீங்களே மார்க்கர் பேனாவால் கோடு போடலாம்.

இப்போது பக்கக் கைகள். ஒவ்வொன்றாக முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். எதிரெதிர்க் கைகளைச் சோடியாகக் கொஞ்சம் கொஞ்சம் உள்ளே கொண்டுவாருங்கள். ஒரு குமிழைச் சுற்றினால் இரண்டு கையும் சேர்ந்து வருகிற மெஷின் என்றால் உங்களுக்கு வேலை குறைவு. தொட்டுவிட்டதா என்று பார்க்க நான் கடை ரசீதுக் காகிதம் ஒரு கீற்று வைத்திருக்கிறேன். கைக்கும் பிரேமுக்கும் இடையில் அதை நுழைத்து இழுத்தால் லேசான உரசலோடு வர வேண்டும். கிழிந்தால் இறுக்கம் கூட, தடையே இல்லாமல் வந்தால் கை இன்னும் எட்டவில்லை.

இந்த இடத்தில் உங்கள் வெடித்த ரக்கட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான்கு கைகளில் ஒன்று மற்றவற்றுக்கு முன்னதாகவே பிரேமைத் தொட்டுவிட்டால், ரக்கட் நடுவில் இல்லை என்று அர்த்தம். அப்போது எல்லோரும் செய்கிற பிழை, மற்ற மூன்று கைகளையும் வலிந்து உள்ளே தள்ளி அதோடு சமப்படுத்துவது. அப்படிச் செய்தால் முதலில் தொட்ட கையின் இடத்தில் பிரேம் ஏற்கெனவே வளைந்துதான் நிற்கும். செய்ய வேண்டியது, நான்கையும் பின்னால் எடுத்து, தாங்கிகளைத் தளர்த்தி, ரக்கட்டை ஒரு மில்லிமீற்றர் நகர்த்தி மறுபடியும் தொடங்குவது. உங்கள் மெஷினில் இடது கீழ்க் கைதான் எப்போதும் முதலில் தொடுகிறதா என்று கட்டாயம் பாருங்கள். எப்போதும் அதே கை என்றால் ரக்கட்டில் பிழை இல்லை, அந்தக் கை வளைந்திருக்கிறது, அல்லது அதன் முனைத் துண்டு வேறொரு மெஷினிலிருந்து வந்த தடிப்பான துண்டு. பாவித்த மெஷினில் இது நடக்கக்கூடியது. என்னுடைய முதல் மெஷினும் பாவித்ததுதான், விற்றவர் ஒரு முனை உடைந்ததை மாற்றிப் போட்டதைச் சொல்லவே இல்லை. இரண்டு ரக்கட்டுகள் ஒரே இடத்தில் மயிரிழையாக வெடித்த பிறகுதான் வேனியர் கலிப்பரை எடுத்து நான்கு முனைகளையும் அளந்தேன், ஒன்று மற்றதைவிட இரண்டு மில்லிமீற்றர் தடிப்பு. அந்த இரண்டு ரக்கட்டுக்கும் காசு கொடுத்தேன். கொடுத்ததில் வருத்தமில்லை, முதலே அளந்திருக்கலாமே என்பதுதான் இன்றைக்கும் மனதில் இருக்கிறது.

முனைத் துண்டு கிடைக்காவிட்டால் கவலைப்பட வேண்டாம். 2022 இல் வெளியிலிருந்து ஒன்றும் வராமல் எல்லாம் நின்றுபோனபோது நான் பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் நைலோன் கட்டையிலிருந்து நான்கு முனைகளும் கடைந்து எடுத்தேன். மாதிரிக்கு நல்ல முனை ஒன்றைக் கொண்டுபோனால் போதும். ஆணி, சுரை, வொஷர் எல்லாம் பழைய சோனகத் தெருவில் கிடைக்கும், துருப்பிடிக்காத உருக்கில் கேட்டு வாங்குங்கள், எங்கள் காற்றுக்குச் சாதாரண இரும்பு தாங்காது.

கைகளை எங்கே வைப்பது என்பதும் ஒரு கேள்வி. 2, 4, 8, 10 மணி என்று சொல்வார்கள், அது பொதுவான கணக்கு. ஐசோமெட்ரிக் தலையில் மேல்பக்கம் சதுரமாக அகன்றிருக்கும், அதனால் மேல் கைகள் அந்த வளைவு தொடங்குகிற மூலையில் உட்கார வேண்டும். துளைகளை உச்சி நடுவிலிருந்து எண்ணி இரண்டு பக்கமும் ஒரே எண்ணில் வையுங்கள், கண்ணால் பார்த்து வைத்தால் பிழைக்கும். முனையின் பள்ளத்தில் பிரேம் நடுவாக உட்கார வேண்டும் என்பதும் முக்கியம். டெனிஸுக்கும் சேர்த்துச் செய்த மெஷின்களில் கையின் பள்ளம் பெரிது, மெல்லிய பட்மின்டன் பிரேம் அதில் மேல் விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும், ஸ்ட்ரிங் இழுக்கும்போது பிரேம் முறுகும். அதற்கென்று பட்மின்டன் முனை போட்டே ஆக வேண்டும், வேறு வழி இல்லை. விளிம்பு கூரான பிரேம் என்றால் முனைக்கும் பிரேமுக்கும் இடையில் மெல்லிய தோல் துண்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், பெயின்டும் தப்பும்.

அப்புறம் அந்தச் சிக்குகிற ஸ்ட்ரிங். ஸ்ட்ரிங் ஒரு துளையிலிருந்து வெளியே வந்து அடுத்த துளைக்குப் போகிற இடத்தில் கையின் முனை உட்கார்ந்திருந்தால் அது ஸ்ட்ரிங்கை அமுக்கிப் பிடிக்கும். நீங்கள் 26 இல் இழுத்தாலும் உள்ளே 26 வந்து சேராது, ஸ்ட்ரிங்கும் தேயும். 0.70 மில்லிமீற்றர் பீஜீ65 ஸ்ட்ரிங் கொஞ்சம் பொறுக்கும், 0.65 பீஜீ66 அல்டிமாக்ஸ் மாதிரி மெல்லியது அங்கேயே காயப்பட்டு இரண்டு நாளில் அறுந்து வரும். மாட்டும்போதே கையை அரைத் துளை அளவுக்கு மேலோ கீழோ நகர்த்தினால் பெரும்பாலும் வழி விடும், ஆனால் எதிர்ப்பக்கக் கையையும் அதே அளவு நகர்த்த மறக்காதீர்கள். நகர்த்த இடமே இல்லாவிட்டால் முனையில் ஸ்ட்ரிங் போக ஒரு சின்ன வாய்க்கால் அரத்தால் வெட்டி, விளிம்பை மணல்தாளால் வழவழப்பாக்கி விடலாம். நெடுக்கும் குறுக்கும் இரண்டுமே போகிற துளைகளுக்கு இன்னொரு வழி இருக்கிறது. நெடுக்கு இழை போட முன்னரே அந்தத் துளையில் பழைய ஸ்ட்ரிங் துண்டு ஒன்றைச் செருகி வையுங்கள், குறுக்கு அந்த இடத்துக்கு வரும்போது அதை உருவிவிட்டுப் புதியதைச் செருகினால் வழி திறந்தே இருக்கும். ஸ்ட்ரிங் நுனியைச் சாய்வாக வெட்டினால் இன்னும் சுலபம். ஊசியால் குத்தி வழி எடுப்பது கடைசி முயற்சிதான், ஊசி முனை உள்ளேயிருக்கிற இழையில் பட்டால் அந்த வேலையே வீண்.

கிரொமெட்டையும், அதாவது துளைகளில் ஸ்ட்ரிங் போகிற பிளாஸ்டிக் குழாயையும், ஒருதரம் பாருங்கள். தோள் பகுதியில் கிரொமெட் உள்ளே அமுங்கியிருந்தால் அதை மாற்றாமல் மாட்டவே வேண்டாம், பத்து நிமிட வேலை. வெறும் பிரேமை வெளிச்சத்தில் திருப்பி, சந்தேகமான கோட்டின்மேல் நகத்தை ஓட்டுங்கள். நகம் தடுக்கினால் அது வெறும் பெயின்ட் கீறலாக இல்லாமல் வெடிப்பாக இருக்கலாம். அப்படியானால் மாட்ட முன்னமே உரிமையாளரைக் கூப்பிட்டுக் காட்டிக் கதைத்துவிடுங்கள்.

தலை அகலமாவதற்கு மாட்டுவதில் மட்டும் காரணம் தேடாதீர்கள், போடுகிற முறையிலும் இருக்கிறது. நெடுக்கு இழைகளை நடுவிலிருந்து இரண்டு பக்கமும் மாறி மாறிப் போட வேண்டும், ஒரு பக்கம் மற்றதைவிட மூன்று இழைக்கு மேல் முன்னால் போகக்கூடாது. நான் குறுக்குக்கு 2 இறாத்தல் கூட்டிப் போடுவேன், நெடுக்கு 24 என்றால் குறுக்கு 26. இரண்டையும் ஒரே அளவில் போட்டால், பின்னலின் உரசலில் குறுக்கு இழையின் இழுவை கொஞ்சம் தொலைந்துபோக, தலை முழுதாக வடிவத்துக்குத் திரும்பாது. நெடுக்கு முடிந்தவுடன் எழுந்து தேத்தண்ணீர் குடிக்கப் போகாதீர்கள், 260 கிலோக் கணக்கை நினைத்துக்கொண்டு உடனே குறுக்கைத் தொடங்குங்கள். 2022 மின்வெட்டுக் காலத்தில் மின்சார மெஷின் வைத்திருந்தவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டார்கள், உங்களுடையது கிராங்க் என்பதால் அந்தத் தொல்லை இல்லை. எந்தக் காரணத்துக்காக நிறுத்த நேர்ந்தாலும் நெடுக்கு மட்டும் போட்ட ரக்கட்டை மெஷினிலிருந்து கழற்றக் கூடாது.

முடிந்தபிறகு மெஷினே உங்களுக்குச் சொல்லும். பக்கக் கைகளைத் தளர்த்தும்போது அவை ஏற்கெனவே லேசாகவே இருந்தால், தாங்கிகளிலிருந்து ரக்கட் சுலபமாக வந்தால், எல்லாம் சரி. கைகள் இறுகிப்போய், தாங்கியும் பிரேமை விடமாட்டேன் என்று நின்றால் தலை நீளத்தில் குறைந்து பக்கவாட்டில் அகன்றிருக்கிறது, குறுக்கு போதவில்லை. அளந்தும் பார்க்கலாம். மாட்ட முன்னர் வெறும் பிரேமை ஒரு அட்டையில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்துகொள்ளுங்கள், முடிந்தபிறகு அதே அட்டையில் வைத்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ஒரு மில்லிமீற்றர் பரவாயில்லை, இரண்டைத் தாண்டினால் எங்கோ பிழை.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள், கிராங்க் மெஷினின் ஸ்பிரிங் பழசானால் காட்டுகிற அளவும் இழுக்கிற அளவும் வேறாக இருக்கும். மீன் நிறுக்கிற கொக்கித் தராசு ஒன்றை ஸ்ட்ரிங் துண்டுகளால் இடையில் கட்டி 26 இல் இழுங்கள், 11.8 கிலோ காட்ட வேண்டும். 13 காட்டினால் உங்கள் ரக்கட் வெடித்ததில் அதற்கும் பங்கு இருக்கிறது.

இதெல்லாம் முடியும்வரை மற்றவர்களின் ரக்கட்டைத் தொட வேண்டாம். யாரிடமாவது பழைய, வெடிப்பில்லாத ரக்கட் ஒன்றைக் கேட்டு வாங்கி, முதலில் 18 இல் போட்டு, அட்டையில் வைத்துப் பார்த்து, வெட்டி எடுத்து, மறுபடி 20, பிறகு 22. வெட்டும்போது நடுவிலிருந்து தொடங்கி நெடுக்கையும் குறுக்கையும் சேர்த்தே மூலைவிட்டமாக வெட்டிக்கொண்டு போங்கள், குறுக்கை மட்டும் முதலில் எடுத்துவிட்டால் அந்த 260 கிலோப் பிரச்சினை மெஷினின் துணைகூட இல்லாமல் வந்து நிற்கும். மூன்று தரமும் கோடு மாறாமல் இருந்தால் உங்கள் மெஷின் தயார். மாறினால் ரக்கட் மாட்டியபடியே மேலிருந்து ஒன்று, நான்கு கைகளுக்கும் கிட்டத்தில் ஒவ்வொன்று என்று படம் எடுத்து அனுப்புங்கள், எந்தக் கை என்று பார்த்துச் சொல்கிறேன்.